மைதானக்காரர் கையெழுத்து

என் சகலை நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது. குடிக்க மாட்டான். யாரிடமும் கைமாற்று கேட்க மாட்டான். என் மனைவியின் தங்கையைக் கட்டி இருபது வருஷமாகிறது, அவளை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. என்னை எங்கே பார்த்தாலும் "அண்ணே" என்று எழுந்து நிற்பான். இப்படிப்பட்ட ஆள்மீது எப்படிப் பொறாமைப்பட முடியும் என்று கேட்பீர்கள். முடியும். எழுந்து நிற்கிறான் பாருங்கள், அதுவே எனக்கு எரியும்.

இரண்டு பேருக்கும் ஒரே தொழில். கால்பந்து மைதானத்தில் புல் வளர்ப்பது. நான் மஞ்சள் சட்டைக் கிளப்பில் இருபத்து நாலு வருஷம். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நீலச் சட்டைக் கிளப்பில். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். கல்யாணமான புதிதில் வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். நானும் பெரிய மனசு பண்ணி நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். அப்போது நீலக் கிளப்பில் மழை பெய்தால் பந்து மிதக்கும். அதனால்தான் தைரியமாகச் சொல்லி வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பத்து வருஷம் ஒன்றும் வித்தியாசமில்லை. அவனிடமும் சேறு, என்னிடமும் சேறு. அப்புறம் ஒரு கப்பல் முதலாளி வந்து நீலக் கிளப்பை வாங்கினார். எழுபது கப்பல் வைத்திருக்கிறார் என்றார்கள். மனுஷனுக்குப் பொழுது போகவில்லை போல. ஒரே வருஷத்தில் புது கேலரி, புது கூரை, பேர் வாய்க்குள் நுழையாத நாலு ஆட்டக்காரர்கள். அதோடு என் சகலைக்கு ஆறு விளக்கு வண்டி.

விளக்கு வண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேலரிக்குக் கூரை போட்டால் மைதானத்தில் பாதிக்கு வெயில் விழாது. குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துப் புல் வெளுத்து, நைந்து, கடைசியில் வெறும் மண்ணாகிவிடும். அதற்கு ஒரே வழி, சக்கரம் வைத்த நீளமான இரும்புக் கைகளில் வரிசையாக விளக்கு மாட்டி, புல்லுக்கு மேலே நிறுத்தி, பகலும் இரவும் எரிய விடுவது. புல் ஏமாந்து போய் வளரும். ஒரு வண்டியின் விலையில் எங்கள் தெருவில் வீடு வாங்கலாம். எரிகிற கரண்டுக்கு வருஷா வருஷம் இன்னொரு வீடு.

எனக்கு என்ன இருந்தது? ஒரு உருளை, இரண்டு புல்வெட்டி, அதில் ஒன்று மழைநாளில் ஸ்டார்ட் ஆகாது. தெற்குக் கோல் முனையில் கேலரி நிழல் விழுந்து, நாலு மாசம் வெறும் மணல். ஒருமுறை டிவிக்காரர்கள் வருகிறார்கள், பார்க்கக் கேவலமாக இருக்கும் என்று தலைவர் புலம்பினார். நான் மணலுக்குப் பச்சைச் சாயம் அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அருமையாகத்தான் இருந்தது. எதிரணிக் கோல்கீப்பர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதல் பந்துக்குப் பாய்ந்து எழுந்தபோது கழுத்திலிருந்து முட்டிவரை பச்சை. கேமரா அவனை விட்டு நகரவே இல்லை.

அந்த வாரம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் மாமியார், "வாங்க மாப்ளே, டிவில உங்க வேலையைப் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சமையலறைக்குள் திரும்பி, "சின்ன மாப்ளே புல்லையும் காட்டுனாங்கடி, கண்ணு கூசுது" என்று என் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. சகலை பதறிப்போய், "அண்ணன்கிட்ட விளக்கு இல்லத்தே. இருந்தா எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடுவாரு" என்றான். எனக்காகப் பரிந்து பேசுகிறானாம். அவனை அங்கேயே கழுத்தை நெரித்திருப்பேன்.

எங்கள் கிளப்புக்கு முதலாளி கிடையாது. ஆயிரத்து எண்ணூறு உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. ரொட்டிக் கடைக்காரர், பஸ் டிரைவர், பல் டாக்டர், எல்லோரும் முதலாளி. கேட்க நன்றாக இருக்கும். கூரை ஒழுகினால் ஆயிரத்து எண்ணூறு பேரும் ஆயிரத்து எண்ணூறு யோசனை சொல்வார்கள், ஒருவரும் ஏணி எடுத்து வர மாட்டார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து மண்ணைக் கவ்வினோம். எங்களுக்குச் சம்பளம் பத்து நாள், பதினைந்து நாள் என்று தள்ளிப் போக ஆரம்பித்தது.

அப்போதுதான் கோட்டுக்காரர் வந்தார். குளிர்பதனக் கிடங்குகள் வைத்திருப்பவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார், அதனால் அந்தப் பெயர். உறுப்பினர் கூட்டத்தில் மேடையேறி, "நாப்பது கோடி போடறேன். மூணே வருஷத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க நம்மளை அண்ணாந்து பார்க்கணும்" என்றார். அவ்வளவு போதும். நாங்கள் எல்லோருமே ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர்கள்தானே. பல் டாக்டர் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார். கிளப்பை நடத்தும் உரிமை கோட்டுக்காரருக்கு என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் மைதானம் மட்டும் தனி. எங்கள் கிளப்பின் முதல் மைதானத்தை, அந்தக் காலத்துத் தலைவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் அடகு வைத்துத் தொலைத்துவிட்டாராம். அதனால் இந்த இடத்தை வாங்கியபோது ஒரு விதி எழுதி வைத்தார்கள். மைதானத்தை அடகு வைப்பதானாலும் விற்பதானாலும் தலைவர் கையெழுத்து மட்டும் செல்லாது, மைதானக்காரர் கையெழுத்தும் வேண்டும். மைதானக்காரர் என்றால் புல்லுக்குப் பொறுப்பானவர். அவரும் அதே புல்லில் ஒரு முழு சீசனாவது வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். தினமும் அந்த மண்ணைத் தொடுகிறவன் அதை விட்டுக் கொடுக்க மாட்டான் என்று நம்பியிருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

இந்த விதியை எனக்கு நினைவுபடுத்தியது கணக்கக்கா. கிளப் ஆபீசில் கணக்கு எழுதுபவர், வாயில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டேதான் பேசுவார். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு கட்டுக் காகிதத்தை முன்னால் போட்டார்.

"உன் கையெழுத்து கேட்டு வருவாங்க. எதுக்குன்னு தெரியுமா?"

"நாப்பது கோடி போடறாராமே, அதுக்கு."

"அவரு எங்கப்பா போடறாரு? மைதானத்தை பேங்க்ல வச்சு நாப்பது கோடி வாங்கறாரு. அதுல பதினாறு கோடி, கிளப்பைக் கையில எடுக்கறதுக்கு அவர் செலவழிச்சதுன்னு அவரே எடுத்துக்கறாரு. மீதியில ஆளு வாங்குவாரு. வட்டியும் தவணையும் கட்டறது யாரு? நாம. டிக்கெட் வித்த காசுல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அப்ப நம்ம காசுல நம்மளையே வாங்குறாரா?"

"இல்லாத காசுல" என்றார் கணக்கக்கா. "ஜெயிச்சுக்கிட்டே இருந்தா தவணை கட்டலாம். ஒரு வருஷம் தோத்தா போச்சு."

புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை, ஏமாந்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கையெழுத்தைப் போட்டுடாதீங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"ஊரே பேசுதுண்ணே. எங்க ஆளு கப்பல் வச்சிருக்காரு, காசு கொட்டறாருன்னு நாங்களும் நம்பினோம். கொட்டினதெல்லாம் கிளப் பேர்ல கடனா எழுதி வச்சிருக்காரு. இப்பக் கப்பல் தொழில் படுத்துடுச்சு. திருப்பிக் குடுங்கறாரு. ரெண்டு வாரமா விளக்கை அணைச்சு வச்சிருக்கோம், கரண்ட் பில் கட்டலை. சம்பளமும் வரலை. வீட்டுல அவகிட்டகூட இன்னும் சொல்லலை."

ஒரு மனுஷன் தன் வீட்டு மானத்தை இப்படி எடுத்து வைக்கும்போது, கேட்கிறவனுக்கு மனசு கொஞ்சமாவது இளக வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவனுக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கும் ஒரு முதலாளி வந்துவிட்டான், இனிமேல் இவன் ஒருத்தன் மட்டும் மாமியார் வீட்டில் ராஜா இல்லை, அதனால் பயம் காட்டப் பார்க்கிறான். என் கண்ணால் அவனைப் பார்த்துப் பழகியவன் நான், அவனும் என்னைப் போலத்தானே இருப்பான் என்று நினைத்தேன்.

"எங்களுக்கு நல்லது நடந்தா உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. "சரிண்ணே" என்றான். போகும்போது மறக்காமல் ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டுத்தான் போனான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கோட்டுக்காரர் நேரே மைதானத்துக்கே வந்தார். பளபளக்கும் ஷூவோடு ஈரப் புல்லில் இறங்கினார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன். நான் தெற்குக் கோல் முனையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் சுற்றிப் பார்த்தார்.

"இங்க ஏன் புல்லே இல்ல?"

"வெயில் விழாதுங்க. விளக்கு வண்டி வேணும்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை இருக்கு?"

"ஆறு."

"அப்ப உங்களுக்கு எட்டு" என்றார்.

எட்டு. எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கணக்கக்கா, பதினாறு கோடி, வட்டி, சகலையின் ஆறிப்போன காபி, எல்லாம் போயே போய்விட்டது. மண் ஒட்டிய கையைப் பேன்ட்டில் துடைத்தேன். அவருடைய உதவியாளர் ஒரு அட்டையில் காகிதத்தை வைத்து நீட்டினார். காட்டிய இடத்தில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் கோல் போட்டான், இன்னொருவனுக்குத் தொடையில் தசை கிழிந்து கேலரியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினான். கோட்டுக்காரர் படம் ஊரெல்லாம். விளக்கு வண்டி மட்டும் வரவில்லை. கேட்டால், "ஆர்டர் போட்டாச்சு."

நீலக் கிளப் அந்த வருஷம் படுத்தேவிட்டது. சகலை சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. கப்பல்காரர் கையைக் கழுவிக்கொண்டார், ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள், கதவில் பேங்க் பூட்டு. செய்தி வந்த அன்று நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசிலடித்துக்கொண்டு மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். மாமியாரை நலம் விசாரிக்க நானாகவே போன் பண்ணினேன்.

சந்தோஷம் நாலு வாரம் இருந்தது. ஐந்தாவது வாரம் காலை எட்டு மணிக்கு மைதான வாசலில் லாரி வந்து நின்றது. விளக்கு வண்டிகள். எண்ணிப் பார்த்தேன், ஆறு. இரும்புக் கைகளில் எல்லாம் நீலப் பட்டை. பேங்க் ஏலத்தில் மலிவாக வாங்கியிருக்கிறார் கோட்டுக்காரர். சரி, நீலமோ பச்சையோ, வந்துவிட்டதே என்று ஓடினேன். லாரியின் முன் கதவு திறந்து சகலை இறங்கினான்.

"அண்ணே" என்றான். தலை நிமிரவில்லை.

அவன் கையில் ஒரு உத்தரவு. விளக்கு வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்பதால் இனி அவன்தான் மைதானக்காரர். நான் துணை. சம்பளம் குறையாது என்று கடைசி வரியில் பெரிய மனசோடு எழுதியிருந்தார்கள்.

"நான் கேட்கலைண்ணே. வண்டியோட சேர்ந்து வந்தா வேலைன்னு சொன்னாங்க. அஞ்சு மாசமா சம்பளம் இல்ல. வேணாம்னு சொல்ல முடியலை."

"எனக்கு எதுக்குப்பா விளக்கம் சொல்ற? நீதான் தலைமை" என்று சொல்லிவிட்டு, உருளையை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போனேன். உருட்ட வேண்டிய வேலையே அன்று கிடையாது. சாயங்காலம்வரை உருட்டினேன்.

ஒரு முழு சீசன் அவனுக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் வந்து, "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பான். உத்தரவு போட்டுத் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். புல் என்னவோ சும்மா சொல்லக் கூடாது. தெற்குக் கோல் முனையில் குளிர்காலத்தில் முதல்முறையாகப் புல் நின்றது. அடர்த்தியாக, ஒரே உயரத்தில். இத்தனை வருஷமாக நான் கண்ட கனவு. அதன்மேல் நடக்கும்போதெல்லாம் குதிகாலால் ஒரு திருகு திருகலாமா என்று இருக்கும். செய்யவில்லை. ஒரு தடவை செய்தேன்.

மாமியாருக்குச் சொல்லவே வேண்டாம். "ரெண்டு மாப்பிள்ளைங்களும் ஒரே இடத்துல! பெரியவருக்கு இப்பத்தான் சின்னவர் துணை கிடைச்சிருக்கு" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னார். துணை சின்னவர் இல்லை, தன் வீட்டுக்காரர்தான் என்று என் மனைவி திருத்தினாளாம். அவளை யார் திருத்தச் சொன்னது?

அந்த வருஷம் தோற்றோம். கணக்கக்கா சொன்னபடியே ஆனது. கேலரி பாதி காலி, தவணை இரண்டு பாக்கி, எங்களுக்குச் சம்பளம் ஒரு மாசம் தள்ளி. கோட்டுக்காரர் புதுக் காகிதத்தோடு வந்தார். இந்தத் தடவை அடகு இல்லை, விற்பனை. மைதானத்தை அவருடைய குளிர்பதனக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும், அந்தப் பணத்தில் பேங்க் கடனை அடைத்துவிடலாம், கிளப் அதே மைதானத்தில் வாடகைக்கு இருக்கலாம்.

"பத்து வருஷத்துல வாடகையை ஏத்தி நம்மளை வெளியே தள்ளிட்டுக் கிடங்கு கட்டுவாரு" என்றார் கணக்கக்கா, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. "இதுக்கும் மைதானக்காரர் கையெழுத்து வேணும்."

மைதானக்காரர் என்றால் இப்போது சகலை. ஒரு முழு சீசன் முடித்தாயிற்று, விதிப்படி அவன் கையெழுத்து செல்லும்.

அவன் போடுவான் என்று நான் நிச்சயமாக நம்பினேன். நம்பினேன் என்ன, ஆசைப்பட்டேன். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், ஐந்து மாசம் சம்பளமில்லாமல் கிடந்த அனுபவம் வேறு. அவனும் போட்டுவிட்டால் நான் போட்டது பெரிதாகத் தெரியாது. இரண்டு பேரும் ஒன்று. ராத்திரி நன்றாகத் தூங்குவேன்.

ஒரு வாரம் டைம் கொடுத்தார்கள். ஏழாம் நாள் மதியம், ஊழியர்கள் எல்லோரும் சாப்பிடும் அறைக்குக் கோட்டுக்காரரே வந்தார். எல்லோர் முன்னாலும் தோளில் கை போட்டுக் கேட்டால் மறுக்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார். சகலை எழுந்து நின்றான். அவன்தான் யார் வந்தாலும் எழுந்து நிற்பானே.

"மன்னிச்சுக்குங்க சார். என்னால முடியாது."

"என்ன வேணும்னு சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம் சார். இந்த மைதானம் கைமாறுறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. குரல்கூட உயர்த்தவில்லை. அரை மணி நேரத்தில் அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார். பஸ் டிரைவர் பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன், "விடுங்க, விடுங்க, விழுந்துடுவேன்" என்று கூச்சத்தில் நெளிந்தான்.

நான் வேலிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வண்டிக்காகப் பட்டது, மாமியார் பேச்சுக்காகப் பட்டது, பதவிக்காகப் பட்டது, அதெல்லாம் பொறாமையே இல்லை. வண்டியைக் காசு கொடுத்தால் வாங்கலாம். "முடியாது" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அது முதலில் என் கைக்குத்தான் வந்தது. நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அதே மைதானத்தில், சொல்ல வேண்டிய இடத்தில் நான்தான் நின்றேன். இப்போது அவன் அதைச் சொல்லி, அதுவும் அவனுடையதாகிவிட்டது. கருவி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கோட்டுக்காரர் அங்கேயே வந்தார். தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார், கோட்டோடு.

"நீங்க மறுபடி மைதானக்காரர். சம்பளம் ரெட்டிப்பு. நாளைக்குக் காலையில கையெழுத்து. ஏற்கனவே ஒரு தடவை போட்டவர்தானே, உங்களுக்குப் புதுசா?"

அவர் அவசரம் எனக்குத் தெரியும். அந்தப் புல்லில் ஒரு முழு சீசன் வேலை பார்த்தவர்கள் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. புதிதாக ஒருவனைப் போட்டால் இன்னொரு சீசன் காத்திருக்க வேண்டும். தவணை காத்திருக்காது.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"போடப் போறீங்களா?"

"சம்பளம் ரெட்டிப்பு."

"அதைக் கேட்கலை."

"போட்டா உங்கம்மா என்ன சொல்லுவாங்க?"

"எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க போடுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆயிரத்து எண்ணூறு உறுப்பினர்களை நினைத்தேன், முன்னோர் எழுதிய விதியை நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். பொய். அன்று முழுக்க நான் நினைத்தது ஒருத்தனை மட்டும்தான். அவன் போடாத கையெழுத்தை நான் போட்டால் என் ஆயுசுக்கும் அவன்தான் உசத்தி. நான் செத்த பிறகும் அவன்தான் உசத்தி. என் பேரன் பேத்திகள்கூட அவனைப் பற்றித்தான் பேசுவார்கள். விடுவேனா?

காலையில் கோட்டுக்காரர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"முடியாதுங்க" என்றேன்.

அவர் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். "ஏன்? உங்க சகலை சொல்லிக் குடுத்தாரா?"

"அவன் எனக்குச் சொல்லிக் குடுக்கிறதா?" என்று கத்தினேன். பக்கத்து அறையில் கணக்கக்கா பேனா மூடியைக் கீழே போட்டது கேட்டது. "எனக்கா? அவனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான் சார்!"

என்னையும் நீக்கினார்கள். வாசலில் யாரும் இல்லை. இரண்டாவது ஆளை எதற்குத் தூக்க வேண்டும்? ரொட்டிக் கடைக்காரர் மட்டும் கடைக்குள்ளிருந்து கையை உயர்த்தினார். கொசு விரட்டியதாகவும் இருக்கலாம்.

விற்பனை நடக்கவில்லை. அடுத்த மாசமே கோட்டுக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், தன் பதினாறு கோடியோடு. விளக்கு வண்டிகள் மறுபடி ஏலத்துக்குப் போயின. கிளப் உறுப்பினர்களிடமே திரும்பி வந்தது, கூடவே நாற்பது கோடிக் கடனும் வந்தது. அந்த அடகுப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பது என் பெயர். இப்போது ஆளாளுக்கு மாசாமாசம் பணம் போட்டுத் தவணை கட்டுகிறார்கள். இந்த மாசம் கட்டியாயிற்று. அடுத்த மாசம் தெரியாது. கட்ட முடியாமல் போனால் பேங்க் மைதானத்தை எடுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு வசூல் செய்வார்கள். நானும் கொண்டுபோய்க் கொடுப்பேன், கொஞ்சம்தான். போன வாரம் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் சகலை. ஒரு தோட்டத்தில் தற்காலிக வேலையாம். திரும்பிப் பார்த்து, "அண்ணே" என்று தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் வந்து நின்றான். எனக்கு ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும்.

"நீ முடியாதுன்னு சொல்றதுக்கு எவ்வளவு நாள் யோசிச்ச?"

"ஒரு வாரமும் தூக்கமே இல்லண்ணே. பேனாவை ரெண்டு தடவை கையில எடுத்துட்டேன்."

"எனக்கு ஒரே நாள்தான்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்ல முடியாது. அவன் உண்மையாகவே தலையாட்டினான். "நீங்க நீங்கதாண்ணே" என்றான். வரிசை நகர்ந்தது. மேஜையில் கணக்கக்கா என் பெயரை எழுத ஆரம்பித்தார். பின்னாலிருந்து அவன் கேட்டான், குத்த வேண்டும் என்று கேட்கவில்லை, அவனுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அப்ப மொதல்ல போட்டீங்களேண்ணே, அன்னைக்கு? அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

கணக்கக்காவின் பேனா நின்றுவிட்டது. வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியும்?

"அரை நிமிஷம்கூட ஆகலைப்பா" என்றேன்.